வலப்பக்கத்து வெயில்

மூதூர்,
புதன்கிழமை.

அன்பும் கண்டிப்பும் ஒருங்கே நிறைந்த என் ராத்தா நஜ்முன் நிஸா அவர்களுக்கு, தம்பி ஜவ்பர் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பஸ்மியாவும் மகள் சுஹைராவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். அக்குறணையில் நீங்களும் மச்சானும் மச்சானின் முழங்காலும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு ஆள் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. நான் இப்போது பஸ்மியாவின் கறுப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் படகு ஓட்டுகிறேன். அவ அபாயாவோடு போடுகிற அதே கையுறைதான், மணிக்கட்டில் சின்னப் பூ வைத்தது. சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் சொன்னால் பாதியில் நீங்கள் அழுவீர்கள். கடிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது.

நடந்தது இதுதான். முடி வெட்டப் போன இடத்தில் ஸாஜித் என் வலது காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “காக்கா, போன முறையும் இந்தப் பொருக்கு இரிந்திச்சே, இன்னும் ஆறல்லையா?” என்றான். “நீ கத்திரிக்கோலால கிள்ளினதுதான்டா” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் பஸ்மியா ஒரு பார்வை பார்த்தா, அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் தோல் டொக்டருக்கு முன்னால் கொண்டுபோய் இருத்திவிட்டா. டொக்டர் கீர்த்தனி என்று ஒரு பிள்ளை, நம் சுஹைராவிலும் கொஞ்சம்தான் மூப்பு. என் வலப்பக்கத்தைப் பார்த்தா, எழும்பிச் சுற்றி வந்து இடப்பக்கத்தைப் பார்த்தா, திரும்பவும் வலப்பக்கத்துக்கு வந்தா.

“ஐயா, நீங்கள் லொறி ஓட்டுறனீங்களோ?”

“இல்ல டொக்டர், படகு.”

“அப்ப ஏன் ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கு?”

ராத்தா, இத்தனை வருஷம் கடலில் கிடந்தும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் மீன் ஏற்றிக்கொண்டு வடக்கே திருகோணமலைக்குப் போகிறேன், வெயில் வலப்பக்கம். பின்னேரம் ஐஸும் சாமானும் ஏற்றிக்கொண்டு தெற்கே மூதூருக்குத் திரும்புகிறேன், சூரியன் மேற்கே போய்விடும், அப்போதும் வெயில் வலப்பக்கம். இடது கன்னத்துக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது, உங்கள் மலைநாட்டு அக்குறணையில் பிறந்தது போல இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற குலசிங்கம் அண்ணன் முன்னால் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து கதைத்துக்கொண்டு வருகிறவர், அவருக்கு இடப்பக்கம் வெந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் நடுவால் பிளந்து மாற்றி ஒட்டினால் ஒரு கரிக்கட்டையும் ஒரு புது மாப்பிள்ளையும் எடுக்கலாம்.

“நாங்க கறுத்த ஆக்கள் டொக்டர், வெயில் எங்கள என்ன செய்யும்?” என்றேன்.

“வெயில் நிறம் கேட்டுட்டு அடிக்கிறேல்லை ஐயா. கறுத்த தோலுக்குக் காவல் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கடலில மேலயிருந்தும் வெயில், தண்ணியில பட்டுக் கீழயிருந்தும் வெயில். காது, கழுத்து மறையிற மாதிரி அகலத் தொப்பி போடுங்கோ. நீட்டுக்கைச் சட்டை போடுங்கோ. வெளிக்கிட முதல் கிறீம் பூசுங்கோ, வேர்த்தால் திரும்பப் பூசுங்கோ” என்று சொல்லி, காதை விறைக்க வைத்து, ஒரு துண்டை நறுக்கிச் சோதனைக்கு அனுப்பினா. முடிவு வரும்வரை ஒன்றும் சொல்ல ஏலாதாம்.

அந்த ‘ஒன்றும் சொல்ல ஏலாது’ எங்களோடு வீட்டுக்கு வந்து கதிரை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டது. பெருநாளுக்குப் பிறகு சுஹைராவின் நிக்காஹ், மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வாப்பா இருக்க வேண்டுமே என்று பஸ்மியா குசினிக்குள் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினா. நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் வெளியே, “ஒரு காது போனா என்ன, உன்ட கதைய இனிப் பாதிதானே கேப்பன்” என்றேன். அவ சிரிக்கவில்லை. என் பகிடிக்கு அவ சிரிக்காதது அதுதான் முதல் முறை.

சும்மா இருக்க ஏலாமல் நான் ஒரு யோசனை செய்தேன். வலது காதுக்கு லீவு கொடுத்து இடது காதை வேலைக்கு அனுப்பினால் என்ன? முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இயந்திரத்தைப் பிடித்தேன், குலசிங்கம் அண்ணன் முன்னுக்குப் பார்த்து வழி சொன்னார். அவர் வலது என்றால் எனக்கு இடது என்பதை நாங்கள் இருவரும் கரையிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டும். நேரே போய் கிண்ணியா ஹிஸ்புல்லாவின் வலைக்குள் ஏறினோம். அவர் தன் படகில் எழும்பி நின்று, “ஜவ்பர் காக்கா, முன்னுக்குப் பாத்து ஓட்டியே நீங்க செய்யிற அநியாயம் காணாதா?” என்றார். இயந்திரத்தில் சுற்றிய வலையைப் பிரித்தெடுக்கப் பின்னேரம் அஸர் தொழுகை நேரமாகிவிட்டது, அவ்வளவு நேரமும் தொப்பியில்லாமல் நடு வெயிலில்.

அன்றோடு பஸ்மியா ஆட்சியைக் கையில் எடுத்தா. காலையில் தன் கையாலேயே கிறீம் பூசுவா, நான் மாவில் விழுந்த பூனை போல நிற்பேன். தொப்பிக்கு நாடாத் தைத்து நாடியில் முடிச்சுப் போட்டா. வலை கிழித்த கைக்குத் தன் கையுறையைத் தந்தா. துறையில் குலசிங்கம் அண்ணன், “என்ன ஜவ்பர், மீன் விக்க வந்தனீரோ, கலியாணம் பேச வந்தனீரோ?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். அதே மனுஷன் அடுத்த நாள் ஆளில்லாத நேரம் பார்த்து, “அந்தச் சாமானில கொஞ்சம் தாரும், இடப்பக்கத்துக்கு மட்டும்” என்றார்.

இன்று முடிவு வந்தது. டொக்டர் கீர்த்தனி சொன்னா: “கெட்டதில்லை ஐயா. ஆனால் கெட்டதுக்குப் பக்கத்து வீடு. இப்பிடியே விட்டிருந்தால் மதில் ஏறிக் குதிச்சிருக்கும்.” உறைய வைக்கிற குளிர் மருந்து அடித்து அதைக் கருக்கிவிட்டா, காது என்னோடேயே இருக்கும். வெளி விறாந்தையில் பஸ்மியா அத்தனை பேருக்கு முன்னால் என் தோளில் ஒரு அடி போட்டு, அந்தக் காதுப் பகிடிக்கு அப்போதுதான் சிரித்தா. சிரித்தா, அழுதா, திரும்பவும் சிரித்தா. எனக்கும் கண்ணுக்குள் கிறீம் போய்விட்டது.

ஆகவே ராத்தா, உங்கள் ஊரில் வெயில் விருந்தாளி, எங்கள் ஊரில் நிரந்தரக் குடியிருப்பு, என்றாலும் மொட்டை மாடியில் மிளகு காயப்போடும்போது மச்சானைத் தொப்பி போடச் சொல்லுங்கள். ஆறாத பொருக்கு எதையும் சும்மா விட வேண்டாம். என்னில் இனி ஒரு புள்ளி இடம்கூட வெயிலுக்குக் கிடைக்காது, அவ்வளவு கெட்டிக்காரனாகிவிட்டேன். மச்சானுக்கு ஸலாம், அவருடைய முழங்காலுக்குத் தனி ஸலாம். நிக்காஹுக்கு ஒரு கிழமை முந்தியே வந்து எங்களை அதட்டி ஆள உங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
இரண்டு காதுள்ள தம்பி,
ஜவ்பர்.

பி.கு.: இன்று வியாழன். சந்தோஷத்தில் காலையிலேயே எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். தொப்பி, கையுறை, கிறீம் எல்லாவற்றோடும் குடைக்குக் கீழே படுத்தவன் நன்றாகத் தூங்கிவிட்டேன். குடையின் நிழல் நகரும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பாதம் இரண்டிலும் கிறீம் பூசியிருக்கவில்லை. இப்போது செருப்புப் போட ஏலாது. குலசிங்கம் அண்ணன் கழுவாத மீன் பெட்டியொன்றில் தண்ணீர் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து என் பாதங்களை அதற்குள் வைத்துவிட்டுப் போனார். சற்று முன் மாப்பிள்ளையின் வாப்பா நாள் குறிக்க வந்தார். இருந்த இடத்திலிருந்தே ஸலாம் சொன்னேன். அவர் ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, கதிரையை ஜன்னல் பக்கம் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார்.