கண்ணாடி பாய் காட்டிய தவளை

உலகத்திலேயே, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தவளையின் ஈரலைக் காட்டிய ஒரே வியாபாரி கண்ணாடி பாய்தான். இதை மறுப்பவர்கள் சேலையூர் கேம்ப் ரோட்டில் என்னோடு பஸ்ஸுக்கு நின்றவர்களாக இருக்க முடியாது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அதுவரை பாய் ஜன்னல் கண்ணாடி அறுத்து விற்றுக்கொண்டிருந்தார். பெயர் அப்படி வந்ததுதான். திடீரென்று ஒருநாள் கடையை பிரவுசிங் சென்டர் ஆக்கிவிட்டார். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? பிளைவுட் தடுப்பு, திரைச்சீலை, அரை இருட்டு. உள்ளே போன பையன் என்ன பார்க்கிறான் என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். பாய்க்கு ஆண்டவன் சாட்சி போதவில்லை. தடுப்பே வைக்கவில்லை. முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி, எல்லா மானிட்டரும் ரோட்டைப் பார்த்து, உட்காருபவர் முதுகு தெருவுக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்.

"மறைச்சிப் பாக்கற விஷயம் நம்ம கடையில இல்ல சார்" என்பார்.

பக்கத்தில் ரூம் எடுத்திருந்த காட்டாங்குளத்தூர் கல்லூரிப் பையன்கள் ஒரே ஒரு தடவை வந்தார்கள்.

"பாய், சாட்டிங் பண்ணணும்."

"பேசணுமா? எதிர்ல டீக்கடை கீது, அங்க போய் பேசு."

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாப்பே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதோடு சரி.

மிஞ்சியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கென்று பாய் நாலைந்து இணையதளங்களைப் பொறுக்கி வைத்திருந்தார். ஆங்கில வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டும் அகராதி, உலக வரைபடம், மனித உடம்புக்குள் போய்ச் சுற்றிவரும் ஒன்று, மவுஸாலேயே தவளையை அறுக்கும் ஒன்று. தேர்வு செய்ய அவரிடம் இருந்தது ஒரே ஒரு அளவுகோல்: "ஆடற விளம்பரம் இருந்தா அது படிப்பு இல்ல." இருமலுக்கு மருந்து கொடுப்பதுபோல எடுத்துக் கொடுப்பார். "இன்னா பாடம்? எரிமலையா? ஓரத்து சிஸ்டத்துல குந்து."

என் அக்கா மகள் திவ்யா அப்போது பிளஸ் டூ. நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் காலையில் பள்ளிக்குப் போகுமுன் பாய் கடையில் உட்காருவாள். அதே நேரம்தான் எங்கள் ஆபீஸ் பஸ்களின் நேரமும். அவள் தவளையை அறுக்க, வெளியே கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"அய்யே, அது இன்னாது பச்சையா?" என்பார் பூக்கார அக்கா.

"பித்தப்பைக்கா" என்பார் தினமும் எங்களோடு பஸ்ஸுக்கு நிற்கும் டிபன் கேரியர்க்காரர். முந்தின நாள்தான் அவரே தெரிந்துகொண்டிருப்பார். பஸ் வரும், கண்டக்டர் கத்துவார், பாதிப் பேர் ஏற மாட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், பிசிக்ஸில் தவளை கிடையாது. திவ்யா பிசிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் வெறும் சூத்திரமாக வரும். உடனே டொக் டொக்கென்று கண்ணாடி தட்டப்படும். "பாப்பா, இந்தப் பேஜாரெல்லாம் வேணாம், அந்த இதயத்தப் போடு!" பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பெண். போடுவாள். வருஷம் முடிவதற்குள் டிபன் கேரியர்க்காரர் இதயத்தின் வால்வுகளை வரிசையாகச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ரிசல்ட் அன்று காலை போனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடி முழுக்க நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது.

"என்ன பாய் இது?"

"ரிசல்ட்டு அவங்கவங்க வூட்டு விஷயம் சார்."

தாய்மாமன் என்பதால் என்னை உள்ளே விட்டார். திவ்யா நம்பரை அடித்தாள். பயாலஜியில் அமோகம். பிசிக்ஸில் ஃபெயில்.

அவள் அழவில்லை. "மாமா, அப்ப நர்சிங் அவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டாள். வெளியே பஸ் ஸ்டாப்பே அவள் ரிசல்ட்டுக்காக நின்றது.

பாய் வெளியே போனார். "சர்வர் டவுன்."

"எப்ப வரும் பாய்?"

"அது மனசு வெச்சா வரும்."

அதற்குள் ஒரு பையன் பாஸ் என்று குதித்துக்கொண்டே கடையிலிருந்து வெளியே ஓடினான். "அவனுக்கு மட்டும் எப்டி வந்துச்சு?" என்றார் பூக்கார அக்கா.

"அது வேற சர்வரு" என்றார் பாய், முகம் மாறாமல்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுதேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறினால் நர்சிங் சீட்டுக்கு வழி உண்டு. தேறாவிட்டால் கல்யாணம்தான் என்று அத்தான் மாப்பிள்ளைப் பேச்சை எடுத்துவிட்டார். அக்கா என்னிடம் அழுதாள். நான் அதை பாயிடம் சொன்னேன். பாய் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

"உங்களுக்குத் தவளை வேணும்னு அந்தப் பொண்ணு பிசிக்ஸ வுட்ருச்சு. இனிமே எவனாச்சும் கண்ணாடியத் தட்டுனீங்க, தாம்பரத்துக்கு நடந்தே போங்க!"

பஸ்ஸை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆடும் விளம்பரம் இல்லாத ஒரு பிசிக்ஸ் தளத்தை எங்கிருந்தோ பிடித்து வந்தார். அதில் ஒரு ஊசல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுவது படிப்பாக இருந்தால் பரவாயில்லை போலும். பஸ் ஸ்டாப் முழுதும் கைகட்டி, வாய்பொத்தி ஊசலைப் பார்த்தது. தண்டனையை அவ்வளவு ஒழுங்காக அனுபவித்த கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"இது எப்பதான் நிக்கும்?" என்று பூக்கார அக்கா கிசுகிசுத்தார்.

"உராய்வு இல்லாட்டி நிக்கவே நிக்காதுக்கா" என்றார் டிபன் கேரியர்க்காரர்.

மறுதேர்வு ரிசல்ட் அன்று மறுபடியும் கண்ணாடியில் நியூஸ்பேப்பர். இந்தத் தடவை நான் உள்ளே போகவில்லை, துணிவில்லை. பஸ் ஸ்டாப் கூட்டத்தோடு நின்றுகொண்டேன். திடீரென்று உள்ளிருந்து பேப்பர் சர்ரென்று கிழிந்தது. எல்லா மானிட்டரிலும், அத்தனை பெரிய எழுத்தில், திவ்யாவின் பிசிக்ஸ் மார்க். பக்கத்திலேயே பாஸ்.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. "என்னய்யா, ஒருத்தரும் ஏறலியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"எங்க பொண்ணு பாஸாயிருக்குது, நீ போய்யா!" என்றார் பூக்கார அக்கா. பாய் அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

திவ்யா நர்சாகி வருஷங்கள் ஆகின்றன. வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்ததும் பாய் திரும்பக் கண்ணாடி அறுக்கப் போய்விட்டார். இன்று உலகத்து இணையதளமெல்லாம் என் சட்டைப்பைக்குள் இருக்கிறது. அதில் எதையாவது திறக்கும்போது, பழக்கதோஷத்தில் யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இல்லை. முதுகுக்குப் பின்னால் பாயின் கண்ணாடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.