பிரேக் மாஸ்டரின் உப்புப் புகார்

“உப்பு கரிக்குது!” என்று சொல்லிவிட்டார் பிரேக் மாஸ்டர். சூப் இருந்த கரண்டி அப்போதுதான் உதட்டைத் தொட்டிருந்தது.

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை அது. மனைவியின் முகம் வெளுத்துப் போயிற்று.

“உப்பா? இதுலயா?”

“வாயில வைக்க முடியல. கடல் தண்ணி மாதிரி இருக்கு.”

அவள் ஒரு கரண்டி ருசி பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி ஒரு கரண்டி ருசி பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். மாஸ்டர் எந்த ருசியும் தெரியாமல் கிண்ணத்தை மடமடவென்று காலி செய்தார். பொய் சொன்ன வாய்க்கு எல்லாம் ஒன்றுதான்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். கற்றுக்கொள்பவர்களை நம்பாமல் தன் பக்கத்து பிரேக்கிலேயே காலை வைத்திருப்பதால் வந்தது அந்தப் பட்டம். இப்படி நாளெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? நேற்று பார்த்ததில் நூற்றைம்பது.

“மாத்திரை இப்ப வேண்டாம்,” என்றார் டாக்டர். “ஒரு மாசம் சாப்பாட்டை மாத்துங்க. உப்பைக் குறைங்க, ஊறுகாய், பாக்கெட் தீனி எல்லாத்தையும் நிறுத்துங்க. காய்கறி, பழம், பருப்பு நிறையச் சேத்துக்கோங்க.”

இதை வீட்டில் சொன்னால் தீர்ந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ள மாமியார்கூட இல்லாத வீடு. மூன்று மாதம் போய் இருக்க மனைவி டிக்கெட் எடுத்தாயிற்று. புருஷனுக்கு பிரஷர் என்று தெரிந்தால் ஒரு அடி நகர மாட்டாள். அதற்காகத்தான் இந்தப் பொய்.

மறுநாள் பீன்ஸில் உப்பு துளிகூட இல்லை. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று மாஸ்டர் நெகிழ்ந்து போனார். பாராட்ட வேண்டும் என்று தோன்றியது.

“இன்னைக்குப் பரவாயில்ல. உப்பு அளவா இருக்கு.”

அவள் கையிலிருந்த தட்டு நழுவியது. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“நாக்க நீட்டுங்க.”

“எதுக்கு?”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க! தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?”

கோபத்தில் குத்திப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார் மாஸ்டர். சமாதானப்படுத்த மறுநாள் தானே சமையலில் இறங்கினார். பூண்டு, எலுமிச்சை, மிளகு போட்டு, உப்பே இல்லாமல் காய்கறியை வேக வைத்தார். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கண் கலங்கிவிட்டது.

“நல்லா இருக்குங்க,” என்றாள்.

தன் சமையலைச் சாப்பிட வேண்டி வந்ததே என்ற அழுகை என்று அவருக்குப் பட்டது. இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தார். அதுவும் வினையாகிவிட்டது. நான்கு நாள் அவர் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்தவள், ஐந்தாம் நாள் அவர் கண்ணைத் துண்டால் கட்டி வாயில் ஒரு சிட்டிகை எதையோ வைத்தாள்.

“இது என்ன?”

“உப்பு.”

“இது?”

“சர்க்கரை. ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?”

“எனக்கா?” என்று பெருமூச்சு விட்டாள்.

அன்று மாலை அவள் மகளிடம் போனில் பேசுவது அடுத்த அறையில் கேட்டது. “அப்பாவ இந்த நிலைமைல தனியா விட்டுட்டு எப்படிடீ வருவேன்? கடைசி நேரம் வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா டிக்கெட்ட ரத்து பண்ணிட வேண்டியதுதான்.”

அவள் போவதற்காகச் சொன்ன பொய்யே அவள் போவதைக் கெடுத்துவிடும் போலிருந்தது. பிரஷர் குறைந்ததும் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஒரு மாதத்தை ஓட்டினார். ஊறுகாய் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தினமும் பழம், தினமும் கீரை.

பயணத்துக்கு முதல் நாள் கிளினிக்குக்கு ஓடினார். அங்கிருந்த நர்ஸ் அவரிடம் கார் ஓட்டப் பழகியவள்.

“நூத்தி இருபத்தாறு! எப்படி மாஸ்டர்?”

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உதட்டில் பட்டதுமே கரிக்குது என்று புளுகியதிலிருந்து டிக்கெட் வரை மொத்தத்தையும் கொட்டித் தீர்த்தார்.

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ மாஸ்டர்! உங்க வீட்டம்மாவுக்கும்தான் போன மாசம் இங்க பாத்தப்ப பிரஷர் ஏறியிருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே விடமாட்டீங்கன்னு மறைச்சு, அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்த சூப்புல ஒரு கல் உப்புகூடப் போடாம வச்சாங்களாம்!”