பதினொன்று ஐந்துக்கு அறுந்துபோகும் மெயில்

இயேசு மரி சூசை துணை

ஆரப்பாளையம், மதுரை
4.2.2002

சென்னைக் கம்பெனியில் மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கும் அன்பு மைத்துனன் ஸ்டீபனுக்கு, அத்தான் தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் பிலோமினாளும் மகள் பெர்சியும் சர்வேசுரன் கிருபையால் சுகம். உன் சுகத்தையும் உன் சர்வரின் சுகத்தையும் அறிய ஆவல்.

மெயில் போகவில்லை என்பதைக் கூரியரில் எழுத வேண்டிய கேவலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே லைன். போனில் உன்னோடு பேசினால் இன்டர்நெட் இல்லை, இன்டர்நெட்டில் உட்கார்ந்தால் நீ இல்லை. நீயோ, "அத்தான், இப்ப கனெக்ட் பண்ணிட்டு ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு சொல்லுங்க" என்கிறாய். எதில் சொல்வது? மிஷன் ஸ்கூலில் முப்பத்திரண்டு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தேன். நான் அனுப்பிய ஒரு கவர் திரும்பி வந்ததில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பெர்சியைக் கேட்டிருக்கும் கனடா டோனி வீட்டார், சாம்பல் புதனுக்குள் நம் சம்மதக் கடிதமும் பெண்ணின் படமும் ஞானஸ்நான சர்டிபிகேட்டும் மெயிலில் வந்தாக வேண்டும், தவறினால் வேறு இடம் பார்ப்போம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒன்பதே நாள். படம் பெரிய படம், போய்ச்சேர இருபது நிமிஷம் பிடிக்கும். பிரவுசிங் சென்டரில் அனுப்பினால் ஊரே பார்க்கும் என்று உன் அக்காள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே தினமும் சரியாகப் பதினொன்று ஐந்துக்கு நானே மோடத்தைப் போடுகிறேன். அது கீச்சுக் கீச்சென்று கத்தி உன் சர்வரைப் பிடித்து, பாதிப் படம் போகும்போது அறுந்துவிடும். உடனே டெலிபோன் அடிக்கும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். "மெயில் போய்க்கிட்டு இருக்கு, வைங்க!" என்று அதட்டி வைத்துவிடுவேன். நேரத்தை மாற்றி மதியம் ஒரு மணிக்குப் போட்டேன், அப்போதும் அதே மூச்சு. சாயங்காலம் நாலரைக்குப் போட்டேன், அன்றைக்கும் அதே. பத்து நாளாக இந்தக் கூத்துதான் நடக்கிறது.

காளவாசல் மெக்கானிக் அருண்பாண்டியை வரவழைத்தேன். அவன் மோடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒரு குத்தமும் இல்ல. யாரோ போன் பண்றாங்க, அதான் லைன் அறுந்து போகுது. லைன்ல இருக்கும்போதே அடுத்த கால உள்ள விடுற கால் வெயிட்டிங்க எடுத்துருங்க" என்றான். எடுத்தால் டோனி வீட்டுப் போன் வரும்போது எங்கேஜ்டு கேட்குமே என்று உன் அக்காள் தடுத்துவிட்டாள். சரி, நம்பர் காட்டுகிற பெட்டி ஒன்றை நாளைக்கு மாட்டுகிறேன் என்று போயிருக்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. வேலையத்தவன் எவனாவது தெனமும் மெனக்கெட்டு நமக்குப் போன் போட்டு மூச்சு விடுவானா? கோளாறு உன் சர்வரில்தான் ஸ்டீபா, ஒத்துக்கொள்.

பெர்சியிடம் சம்மதம் கேட்டீர்களா என்று எழுதியிருந்தாய். கேட்பதற்கு என்னப்பா இருக்கு? தினமும் பாடம் நடத்தக் கிளம்பும்போது, "அப்பா, இன்னைக்கு எத்தன மணிக்கு மெயில் அனுப்புவீங்க?" என்று கேட்காமல் அது படி இறங்குவதில்லை. அம்புட்டு ஆவல்! ஸ்கூல் இன்டர்வெல்லில்கூடப் பிள்ளைக்கு இதே நினைப்பாகத்தான் இருக்கும்.

ஆகையால் உடனே லீவு போட்டுவிட்டு வந்து சேர். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் அந்தப் பாவம் தாய்மாமனான உன் தலையில்தான். தேவமாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாராக. சர்வரை நீதான் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான் தனிஸ்லாஸ்

பி.கு. (மறுநாள், 5.2): கவரை இன்னும் ஒட்டவில்லை. காலையில் அருண்பாண்டி வந்து நம்பர் காட்டும் பெட்டியை மாட்டினான். பதினொன்று ஐந்துக்குப் போட்டேன், வழக்கம்போல அறுந்தது, பெட்டியில் நம்பர் விழுந்தது. நாலு வார்த்தை கேட்போம் என்று அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர் பெர்சியின் ஸ்கூலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரர். "இது ஒரு ரூவா போன் சார். பெர்சி டீச்சர் இப்பத்தான் வச்சுட்டுப் போறாங்க. தெனமும் வாராங்க, காசப் போடுறாங்க, ஒண்ணும் பேசாமப் போயிர்றாங்க" என்றார்.

சாயங்காலம் பிள்ளை வந்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றேன்.

"இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லத்தாம்ப்பா தெனமும் போன் பண்ணேன். நேர்ல உங்க மொகத்தப் பாத்தா வாய் வரல. போன்லயும் நீங்க 'வைங்க'ன்னு அதட்டி வச்சுட்டீங்க."

உன் அக்காள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குமேல் யோசிக்கவில்லை. "மன்னிக்கவும், எங்கள் பெண்ணுக்கு விருப்பமில்லை" என்று ஒரே வரி அடித்து மோடத்தைப் போட்டேன். படம் இல்லை, சர்டிபிகேட் இல்லை. பெர்சி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பழக்க தோஷத்தில் நான் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை. மெயில் முதல் தடவையிலேயே போய்விட்டது.

மேலே சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உன் சர்வரில் கோளாறு இல்லை.