கம்பத்தை மூன்று முறை சுற்றிய சைக்கிள்

பத்துச் சக்கர லாரி ஓட்டத் தெரிந்த எனக்கு இரண்டு சக்கர சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பத்திரண்டு வயது வரை இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. ராஜஸ்தான் மணலிலும் ஒடிசா காட்டிலும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியை ஓட்டிக்கொண்டு அலைகிறவனைப் பார்த்து, உனக்கு சைக்கிள் வருமா என்று யார் கேட்பார்கள்?

காரணம் ஒன்றும் பெரிதில்லை. மற்றவர்கள் குரங்குப் பெடல் அடித்த வயதில் எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லை. எட்டாம் வகுப்பு பாதியில் ஊரை விட்டு ஓடினேன் (காலால்தான்). அப்புறம் நேரே லாரி. நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டேன், அவ்வளவுதான்.

வருடத்தில் ஒன்பது மாதம் நான் வெளி மாநிலத்தில் கிடப்பதால், என் மனைவி சரசுவும் மகள் பூங்கொடியும் வெண்ணந்தூர்ப் பக்கம் சரசுவின் அண்ணன் செங்கோடன் வீட்டில் இருந்தார்கள். வீட்டின் முன்பாதி தறிப்பட்டறை, பின்பாதி குடும்பம். மச்சான் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

பூங்கொடி பத்தாவது முடித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தோடு சரி. அடுத்த பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். பஸ்ஸோ முதல் மணி அடித்து அரை மணி கழித்துத்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

"படிச்சது போதும். அம்மிணி தறிக்கு வரட்டும்" என்றார் மச்சான்.

லீவில் வந்திருந்த எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "சைக்கிள்ல போவாளுங்க மச்சான்."

"ஓட்டத் தெரியுமா அவளுக்கு?"

"நான் கத்துக் குடுக்கறேனுங்க."

மச்சான் தறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோம்பி முடியறதுக்குள்ள கத்துக் குடு. அப்பறம் பாக்கலாம்."

நோம்பி என்றால் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை. பத்து நாள் இருந்தது.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். வாங்கும்போது டயரை மட்டும் அழுத்திப் பார்த்தேன். லாரிக்காரன் டயரைத்தான் பார்ப்பான். சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும், "நேராப் பாரு சாமி" என்று கத்த வேண்டும். இரண்டுக்கும் சைக்கிள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நான்கே நாளில் பூங்கொடி ஓட்டிவிட்டாள். நிறுத்த வேண்டுமானால் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவாள். அதுதான் முறை போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மச்சான் ஒரு குண்டு போட்டார். "மாப்ள, நோம்பிக்கு மறுநாள் அம்மிணியப் பின்னால உக்கார வெச்சு நீயே அந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிட்டுப் போ. பாதை நல்லாருக்குதுன்னு நீ சொன்னா அனுப்பறேன்."

அன்று மாலை மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியாதவரு கத்துக் குடுத்தாருன்னா, நான் ஓட்டறதையும் மாமா நம்ப மாட்டாருங்கப்பா" என்றாள். "வாங்க. கம்பம் ஆடற அன்னிக்கு ஊரே கோயில்ல இருக்கும். ஏரிக்கரையில ஓட்டிப் பழகலாம்."

கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவது பண்டிகையின் முக்கியமான சங்கதி. ஊரே அங்கே இருக்கும், ஏரிக்கரையில் ஈ காக்காய் இருக்காது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஏரிக்கரைச் சரிவு எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் அப்பனும் மகளும் யோசிக்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். பூங்கொடி கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்றாத சாமி."

"புடிச்சிருக்கறேனுங்கப்பா."

"உட்றாத சாமி, உட்றாத."

"புடிச்சிருக்கறேங்..." என்ற குரல் வெகு தூரத்திலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்கவும் பயம். லாரிப் பழக்கத்தில் வலது காலால் பிரேக்கைத் தேடினேன். அது பெடல். அழுத்த அழுத்த சைக்கிள் பறந்தது.

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையும் சாமி, பெரியவர்களும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி. நான் கூப்பிட்டது பெற்ற பிள்ளையை. ஆனால் சரிவின் அடியில், மேளச் சத்தத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது எப்படித் தெரியும்? கண் நிலைகுத்தி, தலைமுடி சிலிர்த்து, லுங்கியைச் சங்கிலிக்குத் தின்னக் கொடுத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு, "சாமி, சாமி" என்று அலறிக்கொண்டு ஒருவன் வருகிறான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது.

கம்பத்தில் மோதாமல் இருக்க ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தேன். ஒடித்த கை ஒடித்தபடியே நின்றுவிட்டது. விளைவாக, நானும் சைக்கிளும் கம்பத்தை வலமாகச் சுற்றினோம். ஒரு முறையல்ல, மூன்று முறை. (திட்டமிட்டுச் சுற்றியிருந்தால் ஒன்றுகூட முடிந்திருக்காது.) மூன்றாவது சுற்றின் முடிவில் பூசாரியின் காலடியில் போய் விழுந்தேன்.

"ஆத்தா வந்துட்டா" என்றது ஒரு குரல். அடுத்த நொடி குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் என் தலையில் இறங்கியது. மூக்கில் வேப்பிலை. எழப் பார்த்தேன், இரண்டு பேர் பயபக்தியோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

பூசாரி குனிந்தார். "என்ன கொறை தாயி? வாய் தொறந்து சொல்லு."

நான் மூச்சு வாங்கியபடி உள்ளதைச் சொன்னேன். "பிரேக்கு... பிரேக்கு புடிக்கல."

மேளம் நின்றது. பூசாரி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்தாளுக்கு பிரேக்கு புடிக்கலையாமா."

ஆத்தாளுக்கு எந்த பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரே குழம்பியது. நின்றுபோன ஏரி வேலையா, பாதியில் நிற்கும் கோயில் சுவரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தாள் என் மகள். ஒரு நொடிதான் நின்றாள். நேராக மச்சானிடம் போனாள்.

"மாமா, என்ற படிப்புக்கு நீங்க பிரேக்கு போட்டீங்கல்ல. அதுதானுங்க ஆத்தாளுக்குப் புடிக்கல."

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தால் சிரித்துவிடுவேனோ, அழுதுவிடுவேனோ தெரியவில்லை. மச்சான் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிரேக் பிடியை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"உத்தரவு தாயி. புள்ளைய அனுப்பறேன்."

மறுநாள் பாதை பார்க்கப் போகச் சொல்லி அவர் கேட்கவில்லை. சாமி வந்த உடம்பு, ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பூங்கொடி பன்னிரண்டு முடித்து இப்போது சேலத்தில் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டில் சரசு ரசத்தில் உப்பைக் கூட்டிவிட்டால் யாரும் நேராகச் சொல்வதில்லை. "ஆத்தாளுக்குப் புடிக்கலையாமா" என்பார்கள். எனக்குத்தான் விமோசனம் இல்லை. எந்த மாநிலத்தில் இருந்தாலும், கம்பம் நட்டால் பூசாரியிடமிருந்து போன் வந்துவிடும்: "எப்ப வாரீங்க சாமி?"

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருடப் பண்டிகைக்கு நான் போனபோது, ஏரிக்கரை மேட்டில் அதே சைக்கிள் வேப்பிலை கட்டி, சந்தனம் பூசி நின்றது. கீழே ஊரே காத்திருந்தது. கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சான், ஒரு வருடமாக அந்தச் சங்கதியைப் பற்றி வாயே திறக்காதவர், என் காதருகே குனிந்தார்.

"பயப்படாம ஏறு மாப்ள. பிரேக்குக் கட்டை ரெண்டும் நானே மாத்தியிருக்கறேன்."