காம்பு சாயபு எடுத்த கை அளவு

தர்மபுரி தாலுக்காவில் யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமலே காலம் தள்ளிய ஒரே மனிதர் காம்பு சாயபுதான். அவருக்கு மனிதர்கள் என்றால் கைகள். நான் எதிரே போய் நின்றால், வணக்கம் சொன்ன கையை மட்டும் பார்த்துவிட்டு, "வாங்க, தாலுக்கா ஆபீசு" என்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், மகன் காதரோடு சேர்ந்து மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் காம்பு போடுவது அவர் தொழில். ஆள் வராமல் காம்பு கிடையாது. கடத்தூரிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு மாட்டு வண்டியில் படுத்தபடியே வந்து, போர்வைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி அளவு கொடுத்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். வந்த கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டே சாயபு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"களியா, சோறாங்க?"

களி தின்கிற கைக்கு ஒரு பருமன், சோறு தின்கிற கைக்கு ஒரு பருமன். நானும் ஒருமுறை ஆசையாகக் கையை நீட்டினேன். "பேனா புடிக்கிற கைக்கு எதுக்குங்க காம்பு?" என்று கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

யுத்தம் தொடங்கிய சமயம் எங்கள் ஆபீசுக்கு ஒரு துரை வந்தார். குள்ளம், தொப்பை, முன்கோபம். இவற்றோடு கோல்ஃப் பைத்தியமும் உண்டு. அதியமான்கோட்டைப் பக்கம் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஒன்பது குழி தோண்டி வைத்து, சாயங்காலம் ஆனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஏரியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. துரையின் மட்டை பந்தில் பட்டதைவிடக் கல்லில் பட்டதுதான் அதிகம். வாரத்துக்கு ஒரு காம்பு முறியும். சீமையில் இரும்புக் காம்பு வந்துவிட்டதாம், அதை ஏற்றி வர வேண்டிய கப்பல்தான் வரவில்லை. பையிலிருந்த பதினொரு மட்டையில் எட்டு, தலை வேறு உடல் வேறாக ஆனதும் துரை என்னைக் கூப்பிட்டு, ஏதாவது செய் என்றார்.

எட்டு இரும்புத் தலைகளையும் கொண்டுபோய்ச் சாயபு முன்னால் கொட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணு வெட்டறதுக்குங்களா?"

"இல்லிங்க. பந்து அடிக்கிறதுக்கு."

"மண்ணு வெட்டுனாப்பல இல்ல கீறியிருக்குது?"

"அது எங்க துரை அடிக்கிற அழகுங்க."

"அப்பிடியா. ஆளை வரச் சொல்லுங்க."

இதைத் துரையிடம் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். எப்படியோ வந்துவிட்டார். சாயபு உட்கார்ந்தபடியே அவர் கையைப் பிடித்து அமுக்கினார். மரியாதைக்குக் கை குலுக்குகிறார் என்று நினைத்துத் துரையும் பலமாகக் குலுக்கினார்.

"ஆட்டாம இருக்கச் சொல்லுங்க. களியா, சோறா, கேளுங்க."

கேட்டேன். துரை கொஞ்சம் யோசித்து, ரொட்டி என்றார். அதற்குச் சாயபுவிடம் அளவு இல்லை. "ரொட்டின்னா நடுத்தரம்" என்று அவரே முடிவு செய்தார்.

சித்தேரி மலையிலிருந்து தடசு மரத்துக் கம்புகள் வந்து இறங்கின. தடசு வளையும், முறியாது. காதர் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, சாயபு மறு நுனியை வளைத்துவிட்டு, அது அதிர்ந்து அடங்குவதைக் கண்ணை மூடிக் கவனிப்பார். ஒரு வண்டிக் கம்பில் எட்டுதான் தேறின. சீவி, இரும்புத் தலையில் செருகி, மெழுகு நூலால் இறுகச் சுற்றிக் கொடுத்தார். துரை அடித்த முதல் பந்து கரையைத் தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது. துரை குதித்த குதியில் எனக்குச் சம்பள உயர்வே வந்துவிடும் போலிருந்தது.

பிறகு காதர் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்தான். ஆறடிக்கு மேல் உயரம், முறம் மாதிரி கை. பர்மாவிலிருந்து மூன்று கடிதம் போட்டான். நான்தான் படித்துக் காட்டினேன். நாலாவது வரவே இல்லை.

சாயபு வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. கொட்டகையை நான் தாண்டும்போதெல்லாம் என் கையைப் பார்ப்பார். வெறுங்கை என்று தெரிந்ததும் குனிந்துகொள்வார். அந்தத் தெருவழியாகப் போகவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் காம்புகள் மாறின. வந்தவர் கையைத் தொடுவதை நிறுத்திவிட்டார். களியா சோறா என்ற கேள்வியும் போயிற்று. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒல்லிக் கிழவருக்கும் அதே நீளம், அதே பருமன், கடத்தூர் பயில்வானுக்கும் அதே. எல்லாம் காதர் கை அளவு. ஊருக்கே தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டார்கள்.

துரை மட்டும் எகிறினார். மிச்சமிருந்த சீமைக் காம்பில் ஒன்று முறிந்து, அதற்கு மாற்றாக வந்த காம்பு அவர் மார்பு வரை இருந்தது. அடித்தால் பந்துக்கு ஒரு முழம் முன்னாலேயே மண் பெயர்ந்தது. "அவனுக்கு என்ன ஆயிற்று?" என்று கத்தினார். சொன்னேன். துரை காம்பை அறுக்கச் சொல்லவில்லை. ஒரு சாண் கீழே தள்ளிப் பிடித்து ஆடினார். மிச்சக் காம்பு ஒவ்வொரு அடிக்கும் தொப்பையில் குத்தும். மாற்றலாகிப் போகும்வரை அந்தக் குத்தை வாங்கிக்கொண்டேதான் ஆடினார். போகிற அன்று அந்த ஒரு மட்டையை என்னிடம் கொடுத்து, "இது என்னுடையது இல்லை, உரியவரிடம் சேர்த்துவிடு" என்றார். சாயபு வாங்கிக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினார்.

"வந்தான்னா எடுத்துக்குவான்" என்றார்.

யுத்தம் முடிந்து ஒரு மழைக்காலமும் போயிற்று. காம்பு முறிந்த கோடாலியோடு நான் கொட்டகையில் நின்றிருந்தேன். யாரோ ஒருவன் உள்ளே வந்து கையை நீட்டினான். எலும்பும் தோலுமான கை. சாயபு வழக்கம்போல அந்தக் கையைத்தான் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"என்னா வேணுங்க?"

"அத்தா" என்றான்.

அன்றைக்குத்தான் சாயபு ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் பார்த்தேன்.

எழுந்து போய்க் கம்பத்திலிருந்த மட்டையை எடுத்துக் காதர் கையில் வைத்தார். விரல்கள் காம்பைச் சுற்றி மூடவில்லை. இரும்புத் தலை கனத்துத் தரையில் இடித்தது. சாயபு அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து அமுக்கினார்.

"களியா, சோறாப்பா அங்க?"

"புடிச்சு வெச்ச எடத்துல எது கெடச்சுதோ அதுதான் அத்தா."

சாயபு மட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சீவ ஆரம்பித்தார். சீவல் சுருள் சுருளாக விழுந்துகொண்டே இருந்தது. "இது இப்பத்திக்கு. ஒடம்பு தேறட்டும், வேற மாத்திப் போட்டுக்கலாம்" என்றார்.

நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"தாலுக்கா ஆபீசு, எங்க கெளம்பிட்டீங்க? கையைக் குடுங்க."

கொடுத்தேன். இரண்டு கைக்குள் வைத்து அமுக்கினார்.

"களியா, சோறாங்க?"

"சோறுதாங்க" என்றேன்.

அந்தக் கோடாலி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. விறகு வெட்டுகிற வேலையெல்லாம் நின்று வருஷக்கணக்காகிறது. சில சாயங்காலங்களில் காரணமில்லாமல் அதன் காம்பை எடுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் இருக்கும்.