பழைய லயத்துக்கு வெள்ளையடித்த கதை

நாலு ஆம்பிளைகள் கூடி ஒரு சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போவது ஒரு பொம்பிளைதான். எண்பதைத் தாண்டிவிட்டேன், இன்றைக்கும் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் இந்தக் கதையில் அவர்களை மட்டும் திட்டி முடிக்க முடியாது. உப்பு போடச் சொன்ன புத்திசாலி நான்தான்.

ஜப்பான்காரன் காலம் அது. மலாயாவில் லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள் கூலிகளுக்கு வரிசை வீடாகக் கட்டிய முதல் லயம் எங்களுடையது. அதனால் பெயரே பழைய லயம். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு பெருமை. பக்கத்துப் புது லயத்துக்காரர்களைப் பார்த்து, "நீங்கல்லாம் நேத்து வந்தவங்க" என்று சொல்வதற்காகவே சிலபேர் அந்த ஒழுகல் வீட்டில் குடியிருந்தார்கள்.

அப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு லயத்துக்கும் அண்டைவீட்டார் சங்கம் வேண்டும், சங்கம் தன் லயத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதிகாரி நேரில் பார்ப்பார். கண்ணுக்கு லட்சணமாக இல்லாத லயத்தைப் பிரித்துப் பலகையை முகாமுக்குக் கொண்டுபோவார்கள், அதில் இருந்த ஆம்பிளைகளை லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்புவார்கள். சயாமுக்குப் போனவர்கள் ஒருத்தரும் அதுவரை எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கவில்லை. எனக்கு அப்போது தலைப்பிள்ளை, நிறைமாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த லயம் போனால் எனக்கு வீடும் போகும், வீட்டுக்காரரும் போவார்.

அந்த வீட்டுக்காரரைத்தான் சங்கத் தலைவராகப் போட்டார்கள். (அவர் பெயரை நான் அன்றைக்கும் வாயால் சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்வதாக இல்லை. தலைவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் அது ரொம்பப் பிடிக்கும்.) பதவி வந்த அன்றே மனுசன் நடை மாறிவிட்டது. சாயங்காலமானால் குழாயடியில் கூட்டம். பழமையைப் பாதுகாக்க வேண்டும், அதே நேரத்தில் முன்னேற்றமும் வேண்டும் என்று ஆரம்பிப்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். எதைப் பாதுகாப்பது என்று கேட்டால் போச்சு. ஒருத்தர் தன் மாமனார் நட்ட முருங்கையைத் தொடக்கூடாது என்பார். அந்த முருங்கையில்தான் கம்பளிப்பூச்சியே வருகிறது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். முன்னேற்றம் என்றால் ஒவ்வொருத்தருக்கும் அது தன் வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடைசி வீட்டில் மருதாயி அக்கா இருந்தார். ஆடு வளர்ப்பவர். லயம் கட்டும்போதே ஆட்டுப்பட்டியும் கட்டினார்கள், ஆகவே பட்டியும் பழமைதான், அதையும் பாதுகாக்க வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். ஆட்டுப்பட்டி பழமையா, வெறும் நாற்றமா என்பதை முடிவு பண்ணவே பல சாயங்காலம் போனது. அதிகாரி வருகிற நாள் நெருங்கிவிட்டது. ஒரு துரும்பைக்கூட யாரும் நகர்த்தவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் போய் நின்று, பேசினது போதும், நாளைக்கே சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். தலைவர் உடனே, தானும் அதையேதான் சொல்ல வந்ததாகச் சொன்னார்.

சுண்ணாம்புக்கு எங்கே போவது? கடையில் கிடையாது. வீட்டுக்கு வீடு வெற்றிலைப் பெட்டியில் இருந்ததை வாங்கி ஒரு சட்டியில் சேர்த்தோம். அந்தச் சட்டியைக் கூட்டம் நடக்கிற இடத்திலேயே வைத்தது என் மடத்தனம். பேசப் பேச ஆளாளுக்கு விரலை விட்டு எடுத்து வெற்றிலையில் தடவிக்கொண்டார்கள். மறுநாள் பார்த்தால் சட்டியின் அடியில்தான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பழமையைப் பாதுகாக்க வந்தவர்கள் அதை மென்று துப்பிவிட்டிருந்தார்கள்.

சரி, ஆற்றோரத்தில் வெள்ளைக் களிமண் கிடைத்தது. அது பலகையில் ஒட்ட வேண்டுமே. எங்கள் அம்மா பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கஞ்சியும் உப்பும் கலப்பார். அப்படிக் கலந்தால்தான் கையில் ஒட்டாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதை நான் பெரிய வித்தை போல எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். அரிசி இல்லை, அதனால் மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சினோம். பசியில் இருந்த பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, சோற்றுக்கு வைத்திருந்த மாவைச் சுவரில் பூசினோம். உப்பு அந்தக் காலத்தில் தங்கம் மாதிரி. கொடுக்க மாட்டேன் என்று நின்றவர்களிடம், "உங்க வீட்டு ஆம்பிளை சயாமுக்குப் போகணுமா?" என்று கேட்டுத்தான் பிடுங்கினேன். வீட்டுக்கு வீடு ஒரு பிடி.

பூசி முடித்தபோது பழைய லயம் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை எல்லாரும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் போயாக வேண்டும். வரிசையில் நின்று, ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சி என்றாலும் விடமாட்டார்கள். லயத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆட்டைக் கட்டிப் போட்டாயா என்று மருதாயி அக்காவிடம் போகிற வழியில் கேட்டேன். நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன் என்றார். பொய் இல்லை, கட்டித்தான் இருந்தார். ஆனால் கயிறு கிடைக்காத காலம், ரப்பர் ஷீட்டை வாராக அறுத்து அதில்தான் எல்லாவற்றையும் கட்டுவோம். ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருத்தருக்கும், ரப்பர் இழுத்தால் நீளும், நீண்டால் அறும் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

வணக்கம் முடிந்து அதிகாரி முன்னால் நடக்க, மொழிபெயர்க்கத் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஓடிவர, தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் போனார். மருதாயி அக்காவுக்கு மனசுக்குள் என்ன பட்டதோ, தோப்பு வழியாகக் குறுக்கே ஓடினார். நாங்கள் முனை திரும்பும்போது, அவர் கடைசி ஆட்டைப் பட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டின் தாடி முழுக்க வெள்ளை.

சுவரைப் பார்த்தேன். மேலே பால் வெள்ளை. கீழே, ஆட்டு வாய் எட்டுகிற உயரம் வரைக்கும், துடைத்துவிட்டாற்போல பழைய பலகை. லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். பெரிய ஆடு மேலே நக்கியிருக்கிறது, மிச்சத்தைக் குட்டிகள் கீழே பார்த்துக்கொண்டன. எங்கள் லயத்து உப்பு மொத்தமும் அதுகளின் வயிற்றில் இருந்தது.

அதிகாரி நின்றுவிட்டார். சின்னத் தப்புக்கும் கன்னத்தில் அறைகிறவர். தலைவர் அப்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கன்னத்தைத் தயாராக வைத்திருந்தார். அதிகாரி சுவரைத் தொட்டார், விரலை மூக்குக்குக் கொண்டுபோனார், கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"கீழ ஏன் வெள்ளை இல்லன்னு கேக்குறாரு," என்றார் கிராணி.

தலைவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நாள் கணக்கில் குழாயடியில் பேசின வாய் அது.

"மழை பெஞ்சா சேறு தெறிக்கும்லா," என்றேன் நான். "வெள்ளையா இருந்தா அசிங்கமாத் தெரியும். அதான் அளவு எடுத்து கரை விட்டோம்னு சொல்லுங்க."

கிராணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். அதிகாரி கரையோரமாக லயம் முழுக்க நடந்தார். திரும்பி வந்து தலையை ஆட்டினார். பழைய லயம் நிற்கட்டும், இதுதான் ஒழுங்கு, தோட்டத்தில் மற்ற எல்லா லயமும் இதே மாதிரி இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் பிழைத்தோம், மற்ற லயத்துக்காரர்கள் எங்களைச் சபித்தார்கள். அவர்கள் கையால் எத்தனை முறை பூசியும் கரை கோணிக்கொண்டே போனது. கடைசியில் கௌரவத்தை விட்டு மருதாயி அக்காவிடம் வந்து ஆட்டை இரவல் கேட்டார்கள். ஆடு நக்க வேண்டுமே என்று அவர்களும் உப்பைக் கலந்தார்கள், உப்பு யார் வீட்டிலும் மிச்சமில்லை. தோட்டமே அப்புறம் எத்தனையோ நாள் உப்பில்லாக் கிழங்கைத் தின்று என் பெயரைச் சொல்லித் திட்டியது.

என் மகள் அந்த லயத்தில்தான் பிறந்தாள். தலைவர் பக்கத்திலேயே இருந்தார். (இருந்து என்ன பண்ணினார் என்று கேட்காதீர்கள்.) சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார், எல்லா லயத்திலும் கரையைப் பார்த்துவிட்டு இது கூலிகளின் வழக்கம் போல என்று நினைத்து, மேலே சுண்ணாம்பும் கீழே தாரும் அடிக்க வைத்தார். அப்படியே நிலைத்துப்போனது.

போன வருசம் அங்கே இருக்கிற பிள்ளைகள் சங்கம் வைத்து, பழைய லயத்தைப் பாதுகாக்கக் கிளம்பினார்கள். கேமராவோடு வந்து, இந்த இரண்டு வண்ணம் தமிழ்நாட்டில் எந்தக் கோயில் முறை என்று என்னைக் கேட்டார்கள். ஆடு நக்கியது என்று சொன்னேன். செயலாளர் தம்பி சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு வயசாயிடுச்சுலா," என்றான். இப்போது அங்கே பெரிய பலகை நிற்கிறது, முன்னோர்களின் பாரம்பரிய வண்ணம் என்று.

திறப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முன்னோர்களுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்றார்கள். எல்லாரும் தலை குனிந்து நிற்க, அந்த லயத்தில் பிறந்த என் மகள், அறுபதைத் தாண்டிய பொம்பிளை, என் காதோரமாய் வந்து மெதுவாக "மே..." என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா அழுகிறார்கள் என்று செயலாளர் தம்பி தண்ணீர் கொண்டுவந்தான். அழத்தான் செய்தேன், அதுவும் உண்மை. அன்றைக்கு அந்தத் தாடிக்கார ஆடு கொஞ்சம் கோணலாக நக்கியிருந்தால், இவளுக்கு அப்பா என்று ஒருத்தர் இருந்திருக்கமாட்டார்.