மாடி அறையில் உலக வரைபடம்

பாரப் பிரதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள், சபைக்குச் சபை ஒருவர் உண்டு. வெளிதேசத்தில் விசுவாசிகளை அடித்தார்கள், ஆலயத்தைப் பூட்டினார்கள் என்று செய்தி வந்த அரை நிமிடத்துக்குள் அதை நானூறு பேருக்கு அனுப்பி, அடியில் ஒன்பது கூப்பிய கைகளை வரிசையாக வைத்து, "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று முடிப்பவர். பதிலுக்குக் கை கூப்பாதவரை ஞாயிறன்று ஆலய வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

நம்முடைய பிரதர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், இன்னும் ஒரு படி மேல். மாடி அறையில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி, அதை ஜெப அறையாக்கி, சுவர் முழுக்க உலக வரைபடம் மாட்டி, உபத்திரவம் நடக்கும் இடத்திலெல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருந்தார். ஊசிக்குத் தினமும் இரண்டு நிமிட ஜெபம். அழுகையில் பொய்யே கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் பத்தாவது ஊசியைத் தாண்டமாட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, போதகர் ஒரு கணவன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிவந்தார்.

"பிரதர், வீட்டுல ஜெபக்கூட்டம் வெச்சாங்கன்னு இவங்களை ஜெயில்ல போட்டு, அப்புறம் நாட்டை விட்டே துரத்திட்டாங்க. நீங்க தினமும் ஜெபிக்கிற நாடுதான்."

பிரதருக்குத் தலைகால் புரியவில்லை. "எத்தனையாவது ஊசி?" என்று கேட்டபடியே எல்லோரையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். "இதோ, இங்கதான் நீங்க!"

வந்தவர் உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த சங்கடத்தோடு ஊசியைப் பிடுங்கி, இரண்டு நாடு தள்ளிக் குத்தினார். ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கல் நட்ட மனிதருக்கு இது தேவையா?

"ஆண்டவருக்கு விலாசம் தெரியும்" என்று சமாளித்தார் பிரதர்.

"இவங்களுக்குத் தங்க இடமில்ல பிரதர்" என்றார் போதகர். "ஒரு ரூம் கிடைச்சா..."

"கட்டாயம் ஜெபிப்போம்! எல்லாரும் கண்ணை மூடுங்க."

"இந்த ரூம் காலியாத்தானே இருக்கு?"

"இதுவா? இதை எப்படிக் குடுக்கறது? இதுலதானே இவங்களுக்காக ஜெபிக்கிறேன்!"

கண்ணை மூடினார். தலைசாய்க்க இடமில்லாத இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்தருளும் என்று கண்ணீர் வடியக் கேட்டார். இருபது நிமிடம். நடுவில் குழந்தை அழுதது, ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது, குழந்தை அடங்கியது. பிரதர் அசையவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், நாற்காலிகளெல்லாம் வராந்தாவில். அறை நடுவே மெத்தை. மெத்தையில் குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் பிரதரின் மனைவி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க கேட்டீங்க, வாசல் திறந்துடுச்சு. கீழ வாங்க. இத்தனை பேருக்கும் சமைக்கணும், வெங்காயம் உரிங்க."

உரித்தார். அன்றைக்கும் கண்ணீருக்குக் குறைவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நேற்று வந்த செய்திக்கு எத்தனை கூப்பிய கை அனுப்பினீர்கள் என்று உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஓர் அறை பூட்டித்தானே கிடக்கிறது? போதகர் இன்னொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு உங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டார்.

சீக்கிரம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.